நாடு மாறிக் கொடுத்த கயிறு

செபமாலை கரைவலைக் கயிற்றின் மறுமுனையைக் கொண்டுபோய் நாடு மாறிக் கொடுத்துவிட்ட அந்தக் காலையில் உப்புவலசையில் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. மணலில் நெத்திலி காய்ந்தது, காக்கை விரட்ட உட்கார்ந்த பெண்கள் காக்கையை விட்டுவிட்டு ஊரில் மற்ற எல்லாரையும் பேச்சில் விரட்டிக்கொண்டிருந்தார்கள், டீக்கடையில் பால் பொங்கி வழிந்தது, நைனா முகம்மது தன் வலைக்கு ஆள் குறைகிறதென்று கரையில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கடலின் நிறமே வேறாக இருந்ததாக இப்போது சிலர் சொல்லித் திரிகிறார்கள். நம்பாதீர்கள். வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தாலொழிய எங்கள் ஊரில் யாரும் கடலை நின்று பார்ப்பதில்லை.

கரைவலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் நிற்கும் ஆட்களிடம் கொடுத்துவிட்டு, படகில் வலையோடு கடலுக்குள் போய், அரைவட்டமாக வலையை இறக்கி, மறுமுனைக் கயிற்றோடு அதே கரைக்குக் கொஞ்சம் தள்ளி வந்து சேரவேண்டும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க இழுக்க, நடுவில் பைபோல இருக்கும் மடியில் மீன் சேர்ந்து கரைக்கு வரும். படகை நடத்துகிறவரை மண்டாடி என்போம். நைனாவின் மண்டாடி மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டதால், ஊரை ஒட்டியிருக்கும் அகதி முகாமிலிருந்து செபமாலையைக் கூப்பிட்டார்கள். அவர் மன்னார்ப் பக்கம் கொண்டல்துறை என்கிற ஊர்க்காரர். சண்டை முற்றிய காலத்தில் வயிற்றுப்பிள்ளையோடு இருந்த மனைவியைக் கூட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தவர். மனைவி முகாமில் மெற்றில்டாவைப் பெற்று, முகாமிலேயே காய்ச்சலில் போய்ச்சேர்ந்தாள். வந்த நாளிலிருந்து அவருக்குக் கடலுக்குப் போக அனுமதி கிடையாது. ஊர் ஊராகப் போய்ச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தே மகளை நர்ஸிங் படிக்கவைத்து, பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்த்துவிட்டார்.

"ஒருநாளு தானே அண்ணே, கரைய ஒட்டித்தானே, யாரு பாக்கப்போறா?" என்று நைனா கேட்டார். செபமாலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார்; அவ்வளவு வருஷமும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது.

வலையை இறக்க நைனாவின் மச்சான் காதர் கூடப் போனார். காதர் எப்போதும் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து வலையை விடுகிறவர், முன்னால் என்ன வருகிறது என்று பார்க்கிற வேலை அவருக்குக் கிடையாது. செபமாலைக்கு வழி தெரியாமல் போனதாகச் சொல்லமுடியாது, நன்றாகத் தெரிந்ததுதான் வினை. அரைவட்டம் அடித்துக் கரைக்குத் திரும்புகிற இடத்தில், சின்ன வயதிலிருந்து வலை வளைத்துப் பழகிய கை, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் படகைக் கொண்டல்துறைக்குத் திருப்பிவிட்டது. படகும் போனது, கயிறும் போனது, போகப் போகக் கயிறு தீராமல் வந்துகொண்டே இருந்தது. "இவ்வளவு கயிறா வச்சிருக்கேன் நானு?" என்று நைனா கரையில் நின்று தனக்குத்தானே பெருமைப்பட்டுக்கொண்டார்.

கொண்டல்துறையில் அப்போது ஆட்கள் கரையில் இருந்திருக்கிறார்கள். கடலிலிருந்து ஒரு படகு வந்து கயிற்று முனையை நீட்டினால் கடற்கரையில் பிறந்த எவனும் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டான். முதலில் பிடிப்பான், பிறகு இழுப்பான், மூச்சு வாங்க நிற்கும்போதுதான் கேட்பான். அவர்களும் நல்ல மூச்சாக இழுத்துவிட்டு, "ஆரின்ட வலை இது?" என்று கேட்டிருக்கிறார்கள். பிறகுதான் படகில் நின்ற நரைத்த மனிதரைப் பார்த்து ஒருவன், "டேய், இது எங்கட செபமாலை எல்லோ!" என்று கத்தியிருக்கிறான். செபமாலை இறங்கி ஈர மணலில் உட்கார்ந்து அழுதாராம். காதர் அப்போதுதான் திரும்பிப் பார்த்து, "மச்சான் எங்க? டீக்கடை எங்க?" என்று கேட்டாராம்.

இந்தப் பக்கம் நாங்கள் இழுத்தோம், அந்தப் பக்கம் அவர்கள் இழுத்தார்கள், வலை யார் கரைக்கும் வரவில்லை. கடல்தான் சுருங்கியது. முதலில் எங்கள் கைபேசிகளெல்லாம் அடுத்த நாட்டுக்கு நல்வரவு என்று குறுஞ்செய்தி காட்டின. மதியம் சோற்றுக்கு உட்காரும்போது வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் வாசம் கிழக்கேயிருந்து வந்தது, அது தங்கள் ஊர்ச் சமையல் வாசமென்று முகாம்காரர்கள் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பனைமரங்களும் ஒரு மாதா கோயில் கோபுரமும் எழும்பின. மறுநாளும் அதற்கு மறுநாளும் இழுத்ததில், இரண்டு கரையும் கூப்பிடு தூரத்துக்கு வந்து நின்றன. நடுவில் ஆழம் குறையாமல் நீலமாகக் கடல், மடியில் திமிறிக்கொண்டு மீன். நீங்கள் பயப்படவில்லையா, ஆச்சரியப்படவில்லையா என்று டவுன்காரர்கள் கேட்கிறார்கள். வலை அவ்வளவு கனமாக இருந்தது, தோள் தோளாக இல்லை, எங்களுக்கு அந்தக் கவலைதான்.

கயிற்றின் குணம் எங்களுக்கு ஒரு தப்பினால்தான் தெரிந்தது. எங்கள் ஆட்கள் சிலர் பீடி பற்றவைக்கக் கயிற்றைத் தளரவிட, கடல் ஒரு முழம் பின்னால் துள்ளி, விடாமல் பிடித்திருந்த கொண்டல்துறைப் பக்கம் ஓர் அலை ஏறிக் கோழிக்கூடுகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. செபமாலை அங்கிருந்து கத்தினார்: "ஒரு பக்கம் விட்டா மற்றப் பக்கம் அழிஞ்சிடும்! விடாதேங்கோ, தயவுசெய்து விடாதேங்கோ!" எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே ஒரு பை நிறையக் கோழிக்குஞ்சு வாங்கி, அண்டாவில் வைத்துக் கயிற்றில் கோத்து அந்தப் பக்கம் அனுப்பிவைத்தோம்.

இப்படியாக ஒரு பக்கம் விட்டால் மறுபக்கத்துக்குக் கேடு என்று ஆனபிறகு, இரண்டு ஊரும் முறை போட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே வாழப் பழகிவிட்டன. கயிற்றைப் பிடித்தபடி பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள், பிடித்தபடி பரீட்சைக்குப் படித்தார்கள், பிடித்தபடி மாப்பிள்ளை பார்த்தார்கள். முகாமிலிருந்த கிழவர்கள் தங்கள் ஊர்க்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவ, அந்தப் பக்கத்திலிருந்து "இருக்கிறார்", "இல்லை", "கனடாவில" என்று ஒவ்வொன்றாகப் பதில் வந்தது, "இல்லை" என்று வந்தபோதெல்லாம் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் இழுக்காமல் நின்றோம். காதரின் மனைவி சபுரா தினமும் காலையில் தண்ணீரோரம் வந்து, "அங்க நல்லாத் தின்னு வயிறு போட்டுட்டீரே, வீட்டு நெனப்பு இருக்கா?" என்று கேட்பாள். காதர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "உன் சாப்பாடு மாதிரி இல்லம்மா" என்று பொய் சொல்வார்.

பிறகு அரசாங்கங்கள் வந்தன. எங்கள் பக்கத்துக்குத் தாசில்தார் இந்துமதி ஜீப்பில் வந்து இறங்கினார். குதிகால் செருப்பு மணலில் புதைய, அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததிலேயே எங்களுக்கு அவர்மேல் பாதி மரியாதை வந்துவிட்டது. அந்தப் பக்கத்துக்கு ஜயவீர என்கிற கடற்படை அதிகாரி வந்தார். சிங்களவர், வகுப்பில் உட்கார்ந்து தமிழ் கற்றவர், அதனால் எங்கள் யாருக்கும் வராத சுத்தத் தமிழில் கையைக் குவித்துக் கூவினார்: "வணக்கம் அம்மையாரே! தங்கள் தரப்பில் எவரும் கயிற்றைக் கைவிட வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்!" எங்கள் ஆட்கள் சிரித்த சிரிப்பில் கயிறே குலுங்கியது. இந்துமதி சிரிக்காமல், "சரிங்க சார், பிடிச்சிட்டுத்தான் இருக்கோம்!" என்று பதில் கூவினார்.

இரண்டு பேரும் தங்கள் தங்கள் தலைநகருக்கு எழுதிக் கேட்டார்கள். இரண்டு தலைநகரங்களும் ஒன்றையொன்று கேட்காமலேயே ஒரே உத்தரவைப் போட்டன: மறு உத்தரவு வரும்வரை கயிற்றை இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது. உத்தரவென்றால் உத்தரவுதானே, போலீஸ்காரர்களும் சுங்கக்காரர்களும் கடலோரக் காவல்படையும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எங்களோடு வரிசையில் நின்றார்கள். அந்தப் பக்கமும் அப்படியே. அதற்கு முன்னால் இரண்டு நாட்டு அதிகாரிகளும் வருஷத்துக்கு ஒருதரம் குளிரூட்டிய அறையில் சந்தித்து, கடத்தலைத் தடுப்போம், கள்ளத்தனமாக ஆள் வருவதைத் தடுப்போம் என்று கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இப்போது ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எதிராளி எப்போது தும்முகிறான் என்பதைக்கூட உள்ளங்கையில் தெரிந்துகொண்டார்கள்.

கடத்தல்காரர்களுக்குத்தான் கஷ்டகாலம். முதல் நாள் எல்லாரையும்விடப் பலமாக இழுத்தவன் எங்கள் ஊர்ப் பவுன் ராசு. கடல் சுருங்கினால் டீசல் மிச்சம் என்று கணக்குப் போட்டிருந்தான். ஆனால் அவன் தொழிலுக்குக் கடல் அகலமாக இருந்தால்தான் வசதி என்பதை அவன் யோசிக்கவில்லை. விடிகாலையில் விரலிமஞ்சள் மூட்டையைத் தெப்பத்தில் வைத்துத் தள்ளினால், பாதி வழியிலேயே அங்கிருந்த சுங்க அதிகாரி இங்கிருந்தவரைக் கூப்பிட்டு, "ஐயா, உங்கட பக்கத்தில இருந்து நீலச் சாரம் கட்டின ஒருத்தர் வாறார்" என்றார். இவர் கயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்காமலேயே, "ராசு, எடுத்துட்டு வந்துரு" என்றார். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றி மணல்திட்டில் இறக்கிவிட்டு ஓடும் ஏஜெண்டுகளின் பாடு இன்னும் மோசம். கரைக்குக் கரை எல்லார் முகமும் தெரிந்ததால், போனதடவை ஏமாந்த பெண்களே விரல் நீட்டி அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டு பக்கப் போலீசும் பேசிவைத்துக்கொண்டு ஒருவனை இங்கேயும் ஒருவனை அங்கேயும் பிடித்தது. ராசு வேறு வழியில்லாமல் ஒழுங்காக முறை வைத்துக் கயிறு பிடிக்க வந்துசேர்ந்தான்.

இதெல்லாம் திருவிழா மாதிரி நடந்துகொண்டிருக்க, மெற்றில்டா மட்டும் சிரிக்காமல் நின்றாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் நேராகக் கரைக்கு வந்து, தண்ணீரை ஒட்டிய முதல் இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொள்வாள். அப்பா கதி என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கடவுச்சீட்டில்லாமல் போனவர், கடவுச்சீட்டில்லாமல் திரும்பியவர், இரண்டும் குற்றம். ஜயவீர அவரைக் கைது செய்தாகவேண்டும். கை இரண்டும் கயிற்றில் இருப்பதால் விலங்கு மாட்ட வழியில்லாமல்தான் விட்டுவைத்திருந்தார். இந்தப் பக்கமோ, முகாமில் செக்கிங் என்று ஒன்று உண்டு. அதிகாரி வந்து பெயர் கூப்பிடும்போது ஆள் நேரில் நின்று குரல் கொடுக்கவேண்டும், கொடுக்காவிட்டால் பதிவு வெட்டப்படும், பிறகு அந்த ஆள் இந்த நாட்டிலும் இல்லை. ஆகக் கயிறு விட்ட அன்றைக்கு அவருக்கு அங்கே ஜெயில், இங்கே பெயர் இல்லை. முகாமில் பிறந்து எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாத மகள், கடலுக்கு இந்தப் பக்கம் நின்று கிழவியாக வேண்டியதுதான்.

செக்கிங் நாளும் வந்தது. வேப்பமரத்தடியில் மேசை போட்டு வருவாய் ஆய்வாளர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, "செபமாலை" என்றார். "செபமாலை!" என்று அவர் இரண்டாம் தரம் கொஞ்சம் உரக்கக் கூப்பிட, கடலுக்கு அப்பாலிருந்து, அடுத்த நாட்டிலிருந்து, கணீரென்று குரல் வந்தது: "இருக்கிறன் ஐயா!"

ஆய்வாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி தாசில்தாரைப் பார்த்தார். இந்துமதி பதிவேட்டை எட்டிப் பார்த்தார். "கூப்பிட்டா குரல் குடுக்கணும்னுதானே இருக்கு? குடுத்துட்டார்ல? போட்டுக்குங்க" என்றார். முகாம் ஆர்ப்பரித்தது. மெற்றில்டா அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். மறுநாளிலிருந்து இந்துமதியும் தன் முறைக்கு அவளுக்கு அடுத்த இடத்தில் வந்து நின்றுகொண்டார், அவர் உள்ளங்கையில் கொப்புளம் கட்டியபோது மெற்றில்டா துணி சுற்றிவிட்டாள்.

ஒரு மத்தியானம் வெயில் உச்சியில் நிற்கும்போது, அப்பாவும் மகளும் பேசியதை நாங்கள் எல்லாரும் கேட்டோம். கேட்கக்கூடாதென்றுதான் இருந்தோம், கூவிப் பேசினால் என்ன செய்வது?

"அப்பா, திரும்பி வர விருப்பமா?"

"நான் வந்திருக்கிறது என்ட வீட்டுக்குப் பிள்ளை. கூரை இல்லை, கிணறு தூர்ந்துபோச்சு, ஆனா வீடு. உன்னைத்தான் காணேல்ல."

"எனக்கு அது ஊர் இல்லையேப்பா. எனக்கு வேலை இங்க. சிநேகிதம் இங்க. அம்மாவப் புதைச்சதும் இங்கதான்."

"தெரியும் பிள்ளை. உன்னை வரச்சொல்லிக் கேக்கமாட்டன்."

"நானும் உங்கள வரச்சொல்லிக் கேக்க மாட்டேன்."

இருவரும் அழுதார்கள். நாங்களும் அழுதோம், ஜயவீர தொப்பியை முகத்துக்கு நேரே இறக்கிக்கொண்டார். வேறு எந்த அப்பனும் மகளும் இரண்டு ஊரில் இருந்தால் பஸ்ஸேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள், அதற்கு மேல் இவர்கள் ஒன்றும் கேட்டுவிடவில்லை என்று எங்களுக்குக் கோபம் கோபமாக வந்தது.

கடைசியில் மறு உத்தரவு வந்தது. கப்பல் போக வழியில்லை, மீன் வலசை தடைப்படுகிறது, எல்லைக்கோடு எங்கே என்று கருவிகளுக்குத் தெரியவில்லை, ஆகவே வெள்ளிக்கிழமை காலை இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டுவிடவேண்டும். காதரைப் படகில் அனுப்பிவைப்பார்கள், செபமாலையை அங்கேயே காவலில் எடுப்பார்கள். காதர் வியாழக்கிழமையே வந்து இறங்கினார். சபுரா திட்டத் தொடங்கி, பாதியில் மறந்துபோய் அழுதாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு கரையும் நிறைந்து நின்றன. இந்துமதி கையை உயர்த்தினார், எதிரே ஜயவீர கையை உயர்த்தினார். மெற்றில்டா கயிற்றைத் தன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "மேடம், நான் விட மாட்டேன்" என்றாள்.

"ஏய், என்ன பண்ற? அவங்க விடுற நேரத்துல நீ மட்டும் பிடிச்சிட்டிருந்தா அலை நம்ம பக்கம் ஏறும். ஊரே போயிரும். மொதல்ல நீ போயிருவ."

"தெரியும் மேடம். அதனாலதான் அவங்க விடமாட்டாங்க."

மெற்றில்டா தண்ணீரைப் பார்த்துக் கூவினாள்: "ஐயா, நான் விடேல்ல! நான் கயிறு பிடிச்சிருக்கிறன்!" அந்தப் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது. ஜயவீரவுக்கு உத்தரவு சட்டைப்பையில் இருந்தது, நேரம் கைக்கடிகாரத்தில் இருந்தது. அவர் ஒரு நொடிகூட யோசித்ததாகத் தெரியவில்லை. "எவரும் விடாதீர்கள்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, தானே ஓடிவந்து செபமாலைக்கு முன்னால் கயிற்றைப் பற்றிக்கொண்டார். கொண்டல்துறை முழுக்க ஓடிவந்து பிடித்தது. எங்கள் கயிறு விண்ணென்று நின்றது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணை அலை அடித்துவிடக்கூடாதென்று அத்தனை பேரும் அங்கே பிடித்து நிற்பது எங்கள் உள்ளங்கையில் தெரிந்தது.

"சரி, சொல்லு. உனக்கு என்னதான் வேணும்?" என்று இந்துமதி கேட்டார்.

"அப்பா அங்க இருக்கட்டும், ஜெயிலுக்குப் போகாம. நான் இங்க இருக்கேன், என் பதிவை வெட்டாம. நான் போய் அவரப் பாத்துட்டு வரணும் மேடம். பகல்ல, டிக்கெட் எடுத்து, என் பேரைச் சொல்லி."

"அப்படி ஒரு விதியே கெடையாதும்மா."

சொல்லிவிட்டு அவரே கடலைப் பார்த்தார், எதிரே பல் துலக்குகிறவர்கள்கூடத் தெரிகிற அந்தக் கடலை. பிறகு ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி மறுகையால் கைபேசியை எடுத்தார். மேலதிகாரி என்ன சொல்லியிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். "முடியாதா சார்? அவங்க ஒத்துக்கிட்டாங்களே சார்... ஆமா சார், அந்தப் பக்கம் ஒத்துக்கிட்டாங்க. நாமதான் பாக்கி" என்றார் இந்துமதி. எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது, யாரும் எதற்கும் ஒத்துக்கொண்டிருக்கவில்லை. எதிரே பார்த்தால் ஜயவீரவும் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தன் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அதையேதான் அவரும் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பக்கம் ஒத்துக்கொண்டுவிட்டதென்றால் நாம் மட்டும் கல்நெஞ்சக்காரர்களாக உலகத்துக்குத் தெரிவானேன் என்று இரண்டு தலைநகரமும் தனித்தனியாக யோசித்தன. மாலைக்குள் இரண்டிலிருந்தும் சம்மதம் வந்துவிட்டது, இரண்டுமே தங்கள் பெருந்தன்மையைப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தன.

திங்கட்கிழமை காலை, அந்தக் கரைக்குப் போய்வருவதற்கான அனுமதி அட்டை முகாமுக்கு வந்துசேர்ந்தது. மெற்றில்டாவுக்கு மட்டுமில்லை, கேட்ட எல்லாருக்கும் தரலாம் என்று ஏற்பாடு. அந்தப் பக்கம் செபமாலையைத் திரும்பி வந்தவர் என்று பதிந்துகொண்டார்கள், கூரைக்குத் தகரமும் கொடுத்தார்கள். கயிற்றை விடும் நேரம் வந்தபோது பார்த்தால் இரண்டு பக்கமும் ஒருவருக்கும் விட மனமில்லை. ஜயவீர கூவினார்: "அம்மையாரே, தங்களோடு பணியாற்றியது எனக்குப் பெரும் மகிழ்ச்சி!" இந்துமதி, "எனக்கும்தான் சார்! கைய மட்டும் டாக்டர்கிட்ட காட்டிக்குங்க!" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். மெற்றில்டா அப்பாவைப் பார்த்துக்கொண்டே விரல்களைத் திறந்தாள்.

கடல் மெதுவாகத்தான் பின்வாங்கியது. கோபுரம் போயிற்று, பனை போயிற்று, கையசைத்த கைகள் போயின, மிளகாய்த்தூள் வாசம் மட்டும் மறுநாள் வரை நின்றது. மடி திறந்து அத்தனை மீனும் இரண்டு பக்கமும் ஓடிவிட்டது, நைனா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. கைபேசிகள் எங்களை மறுபடி எங்கள் நாட்டுக்கு வரவேற்றன.

அதற்கடுத்த மாதம் படகுப் போக்குவரத்து தொடங்கியது. முதல் படகில் மெற்றில்டா ஏறினாள், கையில் சின்னப் பை, அதில் அப்பாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை. அவள் பிறப்பதற்கு முன்னால் அவள் அப்பாவும் அம்மாவும் இந்தக் கடலை இருட்டில், தார்ப்பாய்க்கு அடியில், குழந்தை வயிற்றில் உதைத்ததற்குக்கூடப் பயந்து கடந்திருக்கிறார்கள். அவள் உச்சி வெயிலில் நின்றுகொண்டே போனாள். உட்காரச் சொல்லிப் படகோட்டி எத்தனையோ தரம் சொல்லியும் உட்காரவில்லை.

கொண்டல்துறையில் புதிதாகக் கட்டிய கொட்டகையில் ஓர் இளம் அதிகாரி உட்கார்ந்திருந்தான். அட்டையை வாங்கிப் பார்த்து, பெயரை உரக்க வாசித்து, முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அலுவலா வந்தனீங்கள்?" என்று கேட்டான்.

மெற்றில்டா பதில் சொல்ல வாயைத் திறந்து, யோசித்துப் பார்த்தாள். உயிருக்குப் பயந்து வரவில்லை. ஒளிய வரவில்லை. பிழைக்க வரவில்லை.

"சும்மா" என்றாள்.

"சும்மாவோ?"

"ஓம். அப்பாவோட மத்தியானம் சாப்பிட்டுட்டு, பின்னேரப் படகுல போயிருவன். நாளைக்கு எனக்கு டூட்டி."

அவன் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, சும்மா என்றே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தான். வெளியே செபமாலை, மீன்குழம்பு ஆறிப்போகிறது, உள்ளே என்ன இவ்வளவு நேரம் என்று சத்தம்போட்டுக்கொண்டிருந்தார்.